அறுபத்து நான்கு துளி

கோவில்பட்டியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்த ஒலிப்பதிவு அறையில், ஒரு கணினிக்குள், தாங்கி என்று ஒருவன் இருந்தான். வெளியே இருக்கிறவர்கள் அவனை பஃபர் என்பார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு அவன் தாங்கிதான்.

சவுண்ட் கார்டின் வாசலில் அவனுக்கு வேலை. மைக் வழியாக வரும் குரல் ஒரே வீச்சாக உள்ளே வந்துவிடாது. துளித்துளியாக வரும். ஒரு விநாடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துளி. தாங்கி அவற்றைக் கையில் ஏந்திக்கொள்வான். சொன்ன எண்ணிக்கை சேரும்வரை வைத்திருப்பான். சேர்ந்ததும் மொத்தமாகப் பிராசஸரிடம் கொடுப்பான். பிராசஸர் அதில் உள்ள இரைச்சலை எடுத்துவிட்டு, ஒரு பிரதியைப் பதிவுக்கும் ஒரு பிரதியை ஹெட்போனுக்கும் அனுப்புவான்.

எத்தனை துளி சேர வேண்டும் என்பது திரையில் ஒரு எண்ணாக இருந்தது. அறையின் சொந்தக்காரர் ஜெபசிங் அதை இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு என்று வைத்திருந்தார். ஆறு வருடமாக அதே எண்தான். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஓட்டுகிற கடை விளம்பரம், கோயில் கொடை அறிவிப்பு, கட்சிக் கூட்டத்துக்கு அழைப்பு என்று வருகிற வேலைக்கு அந்த எண் போதும். அவற்றைப் பேசுகிறவர்கள் ஹெட்போனைத் தலையில் மாட்டுவதே இல்லை. தங்கள் குரல் எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

பார்க்கிறவர்களுக்குத் தாங்கி சும்மா நிற்கிறவனாகத்தான் தெரிவான். அவன் குரலில் எதையும் சேர்ப்பதில்லை, எதையும் எடுப்பதில்லை. ஆனால் அவன் ஏந்திக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தில்தான் பிராசஸர் முந்தைய கூட்டத் துளிகளைப் பார்த்து முடிப்பான், கொஞ்சம் மூச்சும் விட்டுக்கொள்வான். பிராசஸர் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. எந்த வேலை சொன்னாலும் "முடியும்" என்பான். அவனுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அவர்களோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று கடிகாரம். துளி வருகிற ஒவ்வொரு நொடித்துண்டையும் தட்டிச் சொல்வது அதன் வேலை. யாருக்காகவும் அது நின்றதில்லை. மற்றது திரையின் மூலையில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு. வாங்க ஆளில்லாமல் துளி கீழே விழுந்தால் அது எரியும். கீழே விழுந்த துளி எங்கேயும் கிடைக்காது. தேடிப் பொறுக்க அங்கே தரை என்று ஒன்று இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் புருஷனும் மனைவியுமாக இரண்டு பேர் படியேறி வந்தார்கள். மனைவி முன்னால் வந்தாள். "ரெண்டு படி இருக்கு. இப்ப ஒண்ணு. இனி சமதளம்" என்று கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். புருஷன் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்குக் கண் தெரியாது.

அவள் பெயர் ஆவுடையம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், தீப்பெட்டி அடைக்கிற வேலை பார்த்தவள். அவர் அழகுமுத்து. பதினோரு வருடம் முன்பு, தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற இடத்தில் தீப்பற்றி, அவருடைய இரண்டு கண்ணும் போயின. அன்று முதல் அவளுடைய குரல்தான் அவருக்கு வழி. வெள்ளைக்கோல் வாங்கிக் கொடுத்தார்கள், அது மூலையில் கிடந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் சந்தைக்குப் போனார், கல்யாண வீட்டுக்குப் போனார், வயல் வரப்பில்கூட நடந்தார்.

இப்போது அவள் தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை மதுரையில் ஆபரேஷன். குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு, அதன் வழியாக மூச்சு விடவேண்டும். உயிருக்குப் பயமில்லை, பேச்சு இனி கிடையாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஆவுடையம்மாளே யோசித்துக் கண்டுபிடித்த வழி இது. தினமும் அவரிடம் தான் பேசுகிற பேச்சை எல்லாம் இப்போதே பேசிப் பதிந்துவிடுவது. அவற்றை அவளுடைய போனில் ஏற்றிவிட்டால், வேண்டியபோது பொத்தானை அமுக்கினால் போன் அவள் குரலில் பேசும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருநூற்றுப் பதினாலு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முன்னால படி இருக்கு. சூடா இருக்கு, ஆறட்டும். வலப்பக்கம் சாக்கடை, நில்லுங்க. மாத்திரை போட்டாச்சா. நான் இங்கதான் இருக்கேன்.

ஜெபசிங் நோட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தார். பிறகு, இந்த மூன்று நாளும் வேறு பதிவு எதையும் எடுக்கமாட்டேன் என்று சொல்லி, மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்.

முதலில் ஹெட்போன் இல்லாமல்தான் பேசினாள். தன் குரல் எவ்வளவு எட்டுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. வீக்கம் காதையும் அடைத்திருந்தது. அதனால் ஒவ்வொரு வரியையும் இழுத்துச் சத்தமாகச் சொன்னாள். ஐந்தாவது வரியில் இருமல் வந்தது. கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. ஜெபசிங் பதறிப்போய் ஹெட்போனை மாட்டிவிட்டார். சத்தத்தைக் கூட்டிவைத்தால் மெல்லப் பேசினாலே காதில் நன்றாகக் கேட்கும், தொண்டையை வருத்த வேண்டாம் என்றார். அழகுமுத்துவும் இன்னொரு ஹெட்போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எந்த வரி அவள் சாதாரணமாகப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்பதை அவர்தானே சொல்லவேண்டும்.

அவள் மெல்லப் பேசினாள். துளிகள் வந்தன. தாங்கி வழக்கம்போல ஏந்தி, இரண்டாயிரத்து நாற்பத்தெட்டும் சேரும்வரை வைத்திருந்து கொடுத்தான். ஒரு துளி சிந்தவில்லை. ஆனால் அவள் "முன்னால" என்று சொல்லி முடிக்கும்போது அந்த "முன்" அவள் காதில் வந்து விழுந்தது. அவள் நாக்கு தடுமாறி நின்றது. மறுபடியும் சொன்னாள், மறுபடியும் தடுமாறினாள். தன் பேச்சே பின்னால் வந்து தன்னை இடித்துத் தள்ளினால் யாரால் பேசமுடியும்?

"எனக்குப் பின்னால வேற எவளோ நின்னு பேசுத மாதிரி இருக்கு தம்பி" என்றாள்.

அழகுமுத்து ஹெட்போனைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பொட்டிக்குள்ள எவனோ இருக்கான். அவ பேச்சைப் பிடிச்சு வச்சிக்கிட்டு, அவனுக்குத் தோணுதப்ப விடுதான்" என்றார்.

அதைக் கேட்ட தாங்கிக்கு உடம்பு கூசியது. ஆறு வருடத்தில் அவனைப் பற்றி வெளியே ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று பதினோரு வரிதான் தேறியது. அவர்கள் போனபின் பிராசஸர் சிரித்தான். "உன்னாலதான். நீ கையை மூடிக்கிட்டு நிக்கிற நேரத்துல நான் நாலு வேலை முடிச்சிருவேன்."

"நான் நிற்பதால்தான் நீ முடிக்கிறாய்" என்றான் தாங்கி.

"நிக்கிறதை விட்டுப் பாரு. அப்பத் தெரியும்" என்றான் பிராசஸர்.

கடிகாரம் இதில் எதையும் காதில் வாங்காமல் தட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜெபசிங் அமைப்புகளைத் திறந்து, எண்ணை ஐந்நூற்றுப் பன்னிரண்டாகக் குறைத்தார். தாங்கியின் இடம் கால்வாசியானது. ஏந்தியதும் கொடுக்கவேண்டியிருந்தது. கை பரபரத்தது. பிராசஸருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் சமாளித்தான். அன்றைக்கு அவனிடம் வேறு வேலை எதுவும் இல்லை.

ஆவுடையம்மாள் பேசிப் பார்த்தாள். பின்னால் நின்றவள் நெருங்கி வந்து தோளோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஒரு நிழல் அளவுக்குத்தான் விலகல்.

"இது என் குரல்தான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. உள்ள இருக்கவனுக்குப் புண்ணியம்."

அன்று நூற்று முப்பத்திரண்டு வரி முடிந்தது. ஒவ்வொன்றும் முழுசு. சிவப்பு விளக்கு ஒரு தடவைகூடக் கண் திறக்கவில்லை. தாங்கி அந்தச் சிரிப்பின் துளிகளை எல்லாம் ஏந்தியிருந்தான். கொடுத்த பிறகும் கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல அவனுக்கு இருந்தது. நல்ல பெயர் என்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

புதன்கிழமை காலையில் அவள் குரல் பாதியாகிவிட்டிருந்தது. இரவெல்லாம் வீக்கம் கூடியதாகச் சொன்னாள். இரண்டு மணிக்கு மதுரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், சாயங்காலமே ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டுவிடுவார்கள். எழுபத்தோரு வரி பாக்கி. முந்தின நாள் பொறுத்துக்கொண்ட அந்த நிழல் அளவு விலகலும் இன்று அவளுக்குப் பாரமாக இருந்தது. காற்றைத் திரட்டி ஒரு சொல்லைச் சொல்வதற்குள் அதன் எதிரொலி வந்து அவளைக் கலைத்தது. இன்னும் கொஞ்சம் கிட்ட வரவைக்க முடியுமா தம்பி என்று கேட்டாள்.

அன்று காலையிலிருந்து அதே கணினியில் ஒரு கல்யாண வீடியோவைக் கோர்க்கிற வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. பெண்வீட்டார் சாயங்காலம் வந்து கேட்பார்கள் என்று ஜெபசிங் அதை ஓடவிட்டிருந்தார். அதன் ஜன்னல் திரையின் மூலைவரை விரிந்து கிடந்தது. சிவப்பு விளக்கு அதற்குக் கீழே இருந்தது.

ஜெபசிங் எண்ணைத் திறந்து, பட்டியலின் அடிமட்டம்வரை இறக்கினார். அறுபத்து நான்கு.

தாங்கிக்கு ஒரு உரிமை உண்டு. கொடுத்த எண் ஆகாதென்றால், ஆகாது என்று திரையில் எழுதிக் காட்டலாம். எண் பழைய இடத்துக்கே போய்விடும். முன்பு இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறான். இந்தத் தடவையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. வீடியோ ஓடும்போது அறுபத்து நான்கு துளி என்பது ஒரு கண்சிமிட்டலுக்குக்கூடக் காணாது.

அவன் பிராசஸரைப் பார்த்தான். "கல்யாண வேலையும் இருக்கிறது. உன்னால் முடியுமா?"

"முடியும்."

"உண்மையைச் சொல்."

"முடியும்" என்றான் பிராசஸர். அவனுக்கு அப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

தாங்கி திரைக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த அம்மாளை நினைத்தான். மறுத்தால் எண் கூடும், குரல் தள்ளிப்போகும், அவள் தடுமாறுவாள். பொட்டிக்குள் எவனோ இருக்கிறான் என்று அவர் மறுபடியும் சொல்வார். நேற்றுக் கேட்ட சொல் அவன் காதில் இன்னும் இருந்தது. அவன் திரையில் ஒன்றும் எழுதவில்லை. தன்னைச் சுருக்கிக்கொண்டான்.

ஆவுடையம்மாள் பேசினாள். குரல் வாயை விட்டு வெளியேறிய அந்தக் கணமே காதில் இருந்தது. விலகலே இல்லை. அவள் முகம் தெளிந்தது. காற்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவையும் சொல்லாக்கினாள்.

உள்ளே துளிகள் விழ ஆரம்பித்தன.

முதலில் பத்து, இருபது. தாங்கியின் கை அறுபத்து நான்கில் நிறைந்துவிடும். நீட்டுவான். பிராசஸர் வீடியோவைத் தூக்கிக்கொண்டு நிற்பான், வாங்கமாட்டான். அதற்குள் கடிகாரம் தட்டும். அடுத்த துளி வந்து நிற்கும், கையில் இடம் இருக்காது.

"ஒரு தட்டு நிறுத்து" என்று தாங்கி கடிகாரத்தைக் கெஞ்சினான்.

"நான் நின்றால் அவள் நிற்பாளா?" என்றது கடிகாரம். "அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். இது என் கொடுமை இல்லை. நேரம் அவளுடையது, நான் எண்ணிச் சொல்கிறேன், அவ்வளவுதான்."

தாங்கி சிவப்பு விளக்கைக் கூப்பிட்டான். "எரிகிறாயா?"

"முதல் துளியிலிருந்து எரிந்துகொண்டுதான் இருக்கிறேன்" என்றது விளக்கு. "என் மேல் கல்யாண வீட்டை விரித்துப் போட்டிருக்கிறார்கள். யார் பார்ப்பது?"

அழகுமுத்துவின் காதுக்கு மட்டும் அது எட்டியது. ஊடே ஊடே தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வருதே தம்பி என்றார். ஜெபசிங் கவனித்துக் கேட்டார். அவருக்கும் கேட்டது. இது ஹெட்போனில் மட்டும் வருகிற சத்தம், பதிவில் இருக்காது என்று சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. முன்பு பல தடவை அப்படித்தான் இருந்தது. நிறுத்திவிட்டு ஒரு வரியைப் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது, அவள் குரல் வரிக்கு வரி இறங்கிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் மறுபடியும் எழுமா என்று அவருக்குப் பயம்.

நோட்டின் கடைசி வரியும் முடிந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றப்போனாள். அழகுமுத்து கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நோட்டுல இல்லாத ஒண்ணு இருக்கு ஆவுடை" என்றார். "என் பேரை ஒரு தடவை சொல்லிரு."

அவள் சங்கடப்பட்டாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஏங்க, இங்க பாருங்க, அவ்வளவுதான். ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட அட்டையை நீட்டுவாள். தம்பி இருக்காகளே என்று மெல்லச் சொன்னாள். ஜெபசிங் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் எச்சிலை விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழகுமுத்து" என்றாள்.

மூன்று நாளில் அவள் பேசியதிலேயே தெளிவான சொல் அது. கரகரப்பே இல்லை. அதற்குமேல் அவளிடம் காற்று இல்லை. மறுபடி சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

அந்தச் சொல் உள்ளே வந்தபோது பிராசஸர் கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தில் இருந்தான். முன் வரிசையில் நாதஸ்வரமும் பின்னால் பூமழையுமாகத் திரை முழுக்க அசைந்துகொண்டிருந்தது. தாங்கி நீட்டிய கையை அவன் பார்க்கவில்லை. கடிகாரம் தட்டியது. சொல்லின் நடுவிலிருந்து ஐயாயிரம் துளி, ஒன்றன்பின் ஒன்றாக, தாங்கியின் விரலைத் தொட்டுக்கொண்டே கீழே போயிற்று.

அழகுமுத்து அதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் வாயிலிருந்தே அந்தப் பெயரை முழுசாகக் கேட்டிருந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அவர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். படியிறங்கும்போது அவள் குரல் கேட்கவில்லை. அவருடைய கையைப் பிடித்து, படிக்கு ஒருதரம் அமுக்கினாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத்தான் ஜெபசிங் வரிகளைத் தனித்தனியாக வெட்ட உட்கார்ந்தார். திங்களும் செவ்வாயும் நன்றாக இருந்தன. புதன்கிழமை வரியைப் போட்டார். ஒன்று கேட்டார், இரண்டு கேட்டார். பத்தாவதில் கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அழகுமுத்துவின் போனுக்கு அடித்தார். யாரும் எடுக்கவில்லை. எட்டு மணிக்கே அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

அன்று முழுதும் அவர் ஓட்டைகளை அடைக்கப் பார்த்தார். பிராசஸரிடம் கேட்டார், அவன் முடியும் என்றான். இந்தப் பக்கத்துத் துளியையும் அந்தப் பக்கத்துத் துளியையும் இழுத்து ஒட்டவைத்தான். தூறல் குறைந்தது. ஆனால் சொற்கள் எல்லாம் ஈரத்தில் ஊறிய காகிதம்போல ஆகிவிட்டன. பெயரின் நடுவில் இருந்த ஓட்டையில், வேறு வரியிலிருந்து ஒரு "கு"வை வெட்டி வைத்துப் பார்த்தார். யாரோ அந்நியர் வாய்க்குள் கைவிட்டுச் சொல்லவைத்த மாதிரி இருந்தது. எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஆவுடையம்மாளின் போனுக்கு அனுப்பிவைத்தார். சில இடத்தில் கொஞ்சம் இரைச்சல் இருக்கும் என்று மட்டும் ஒரு வரி எழுதினார். இன்னொரு வரி எழுதி, அழித்துவிட்டார்.

உள்ளே விசாரணை மாதிரி ஒன்று நடந்தது. கேட்க ஆளில்லாததால் அவர்களே கேட்டுக்கொண்டார்கள். எனக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள், இரண்டையும் செய்தேன் என்றான் பிராசஸர். நான் நிற்கக்கூடாதவன் என்றது கடிகாரம். நான் எரிந்தேன் என்றது விளக்கு. மூன்று பேர் சொன்னதும் உண்மைதான்.

"நான் ஆகாது என்று சொல்லியிருக்கலாம்" என்றான் தாங்கி.

"ஏன் சொல்லவில்லை?" என்று விளக்கு கேட்டது.

"அதற்கு முந்தின நாள்தான் என்னை நல்லவன் என்றாள்."



ஐந்து வாரம் கழித்து அவர்கள் மறுபடியும் படியேறி வந்தார்கள். ஆவுடையம்மாள் கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். அதற்குள்ளிருந்து மூச்சு சீறிச் சீறி வந்தது. பாதியாக இளைத்திருந்தாள். அழகுமுத்துவின் இடது கை மாவுக்கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது. நெற்றியில் தையல் போட்ட தழும்பு புதிதாக இருந்தது.

ஜெபசிங் அன்று ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்காக மைக்கைத் திறந்து வைத்துவிட்டு, பேச வருகிறவருக்காகக் காத்திருந்தார். எண் பழையபடி இரண்டாயிரத்து நாற்பத்தெட்டில் இருந்தது. அவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

அழகுமுத்துதான் பேசினார். கோபமாகப் பேசவில்லை. போன வாரம் தெருவில் நடந்துபோகும்போது நடந்ததைச் சொன்னார். சாக்கடையின் மூடியை யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். அவள் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். வலப்பக்கம் சாக்கடை, நில்லுங்க என்று வரவேண்டும். வலப்பக்கம் என்பது கேட்டது. அதற்குப் பிறகு ஒரே கரகரப்பு. வலப்பக்கம் போகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் வலப்பக்கம் காலை வைத்தார்.

"அவ கையைப் பிடிச்சு இழுத்திருக்கா. அதுக்குள்ள போயாச்சு" என்றார்.

ஜெபசிங் தனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னார். வியாழக்கிழமையே தெரியும், சொல்லாமல் அனுப்பிவிட்டேன் என்றார். மறைக்கவில்லை. ஆவுடையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் நல்ல மென்பொருள் இருக்கிறது, சென்னையில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எப்படியாவது சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"வேண்டாம் தம்பி" என்றார் அழகுமுத்து. "அந்தக் கடைசி நாள் பேசுனதை எல்லாம் போன்ல இருந்து எடுத்துருங்க. அதுக்குத்தான் வந்தோம். ஒண்ணும் வராட்டி, வராதுன்னு நான் பழகிருவேன். பாதி வந்தா நம்பிருதேன்."

ஜெபசிங் போனை வாங்கிக் கேபிளில் மாட்டினார். புதன்கிழமை வரிகளை ஒவ்வொன்றாக அழித்தார். எழுபத்தொன்று. கடைசியில் ஒன்று பாக்கி நின்றது. அவர் நிறுத்திவிட்டு, அண்ணாச்சி, உங்க பேர் இருக்கு, அதையும் எடுத்துரவா என்று கேட்டார்.

அழகுமுத்து கையை நீட்டினார். ஜெபசிங் கேபிளைக் கழற்றிப் போனை அந்தக் கையில் வைத்தார். ஆவுடையம்மாள் அவர் விரலைப் பிடித்துப் பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் அமுக்கினார். அவள் குரல் வந்தது, கரகரப்பே இல்லாமல், தெளிவாக.

"அழ… முத்து."



"தினமும் கேக்குதேன்" என்றார் அழகுமுத்து. "பேரைச் சொல்லிக் கூப்பிடுதாளா, அழச் சொல்லுதாளான்னு தெரியல."

மறுபடியும் அமுக்கினார். அதே குரல், அதே இடைவெளி. மூன்றாவது தடவை அமுக்கும்போது அவர் தோள் குலுங்கியது. கண் இருந்த இடத்தில் நீர் வருவதற்கு வழியில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஆவுடையம்மாள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மைக் திறந்தே இருந்தது. துளிகள் வந்தன. கணினியில் அன்று வேறு வேலை எதுவும் இல்லை, பிராசஸர் சும்மா இருந்தான், தாங்கியின் கையில் இடம் நிறைய இருந்தது. வந்த துளிகளை எல்லாம் ஏந்தினான். இரண்டாயிரத்து நாற்பத்தெட்டும் சேரும்வரை வைத்திருந்தான். ஒன்றையும் சிந்தாமல் கொடுத்தான்.

மேசைமேல் யாரும் மாட்டாமல் கிடந்த ஹெட்போனில், கொஞ்சம் தாமதமாக, ஒரு சிதைவும் இல்லாமல், அந்த அழுகை முழுசாகக் கேட்டது.